கண்ணாடியைக் கழற்றிய மாஸ்டர்

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்க நான்கு பேர் இருந்தார்கள். முறை வைத்து வாசிப்பார்கள். சபைச் செயலாளர் வாசித்தால், அதை எழுதியவரே அவர்தானோ என்று தோன்றும். பாட்டுக்குழு அக்கா வாசித்தால் கைக்குட்டை தேவைப்படும், அவருக்கு. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் வாசித்தால், கடைசியில் கையெழுத்துப் போடச் சொல்வாரோ என்று பயமாக இருக்கும். நான்காவது ஆள் தையல்கடை மாஸ்டர். அவர் வாசித்தால் வாசிப்பது போல இருக்கும். அவ்வளவுதான். அதனாலேயே அவர் முறை வரும் ஞாயிறு எங்களுக்குப் பிடிக்கும்.

மாஸ்டருக்கு வயது ஐம்பத்தெட்டு. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், இரண்டு தையல் மிஷின் அகலத்தில் ஒரு கடை. ஒரு மிஷின் அவருக்கு, இன்னொன்று அவர் மனைவிக்கு. துணி வெட்டுவதும் தைப்பதும் இவர். விளிம்பு மடிப்பது, காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது அந்த அம்மா. மாஸ்டரின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. வாரம் முழுக்க அடுத்தவர் முதுகைப் பார்த்து அளவெடுக்கிறவருக்கு, மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் இருநூறு பேர் முகத்தைப் பார்த்து நிற்கக் கிடைத்தது. வாசிப்புப் பீடத்துக்கு மூன்று படி. அவர் வாழ்க்கையில் ஏறிய உயரம் அந்த மூன்று படிதான். அந்த ஞாயிறுக்கான சட்டையை மட்டும் மனைவியிடம் கொடுக்காமல் அவரே தேய்ப்பார்.

"உங்க வீட்டுக்காரரு கட்டிக்கிட்டது உங்களையா, அந்தப் பீடத்தையா?" என்று பாட்டுக்குழு அக்கா ஒருமுறை கேட்டார்.

"பீடத்தைத்தான். நான் காஜா எடுக்க வந்தவ," என்றார் மாஸ்டரின் மனைவி.

நாற்பது வயதிலிருந்தே மாஸ்டருக்குக் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வேண்டும். கயிறு கட்டி, டேப்புக்குப் பக்கத்தில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஒரு ஞாயிறு அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். பீடத்தில் ஏறிச் சட்டைப்பையைத் தடவினார், கழுத்தைத் தடவினார். கீழே மனைவி கைப்பையைக் கிளறிக்கொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மாஸ்டர் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக வெறுங்கண்ணால் வாசித்தார். வாசித்து முடித்ததும் சும்மா இறங்கியிருக்கலாம். மனுஷன் மைக்கில் சொன்னார்:

"இன்னைக்குக் கண்ணாடிய மறந்துட்டேன். ஆனா எழுத்து நல்லாத் தெரிஞ்சுது. ஏன்னு தெரியல. ஸ்தோத்திரம்."

ஏன்னு தெரியல என்று அவர் சொன்னதை எங்கள் இருநூறு பேரில் ஒருவர் காதிலும் விழ நாங்கள் விடவில்லை.

எங்கள் நிலைமையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுத்த தெருச் சபையில் வருஷத்துக்கு இரண்டு அற்புதமாவது நடக்கும். ஒரு முடவர் நடந்தார். ஒரு பெண்ணின் கட்டி கரைந்தது. எங்கள் சபையில் பதினோரு வருஷத்துக்கு முன்பு செயலாளரின் ஸ்கூட்டர் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்ததுதான் கடைசி. அதையும் அடுத்த தெருவில் சிரித்தார்கள். இப்படிக் காய்ந்து கிடந்த இடத்தில் மாஸ்டர் நெருப்புக்குச்சியைக் கிழித்தார். போதகர் எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். பாட்டுக்குழு யாரும் சொல்லாமலே பாட ஆரம்பித்தது. செயலாளர் மாஸ்டரைக் கட்டிப்பிடித்து அழுதார். இத்தனைக்கும் அந்த மனிதர் தன் அம்மா அடக்கத்தில்கூட வந்தவர்கள் தலையை எண்ணிக்கொண்டிருந்தவர்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்த மாதத்திலிருந்து மாஸ்டருக்குத் தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பர் மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அதையெல்லாம் யாரும் சபை முன்னால் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் சொல்வதில்லை.

மறுவாரம் செயலாளர் கடைக்குப் போய், "மாஸ்டர், அந்தக் கண்ணாடி இனி உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டு வாங்கி வந்தார். கோயில் வாசலில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் சிவப்புத் துணி விரித்து அதை வைத்தோம். அடியில் மாஸ்டர் பெயரும் தேதியும் எழுதிய அட்டை.

"போன வருஷந்தான் ஃபிரேம் மாத்துனோம்," என்று மட்டும் அந்த அம்மா சொன்னார்.

எங்கள் சபையில் கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் உண்டு. பின்னாலிருந்து மூன்றாவது வரிசை, சுவர் ஓரம். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்க்கிற தொழில் என்பதாலோ என்னவோ, யார் கண்ணையும் பார்த்துப் பேசமாட்டார். அவர் கமிட்டி கூட்டம் முடிந்ததும் செயலாளரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இது புரை விழுகிறதோட ஆரம்பம். சிலருக்கு இப்படித்தான் வரும். கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் பருக்கும்போது, கிட்டத்துல இருக்கிறது திடீர்னு நல்லாத் தெரியும். கொஞ்ச மாசந்தான். அப்புறம் மொத்தமா மங்கிடும். ஒரு டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க."

செயலாளர் அவர் தோளில் கை வைத்தார். "ஒரு கஸ்டமர் போயிட்டாரேன்னு உங்களுக்கு வருத்தம். எனக்குப் புரியுது."

அடுத்த ஞாயிறு பிரசங்கம் சந்தேகப் பேயைப் பற்றி. போதகர் அரை மணி நேரம் பின்னாலிருந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தே பேசினார். கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. சபைக்கு மட்டும் தவறாமல் வந்தார். நல்ல விசுவாசி.

ஏழு மாதம் போயிற்று. கண்ணாடிக்கடைக்காரர் சொன்னது போலவே எல்லாம் நடந்தது. முதலில் பேப்பர் எழுத்து கலங்கியது. பிறகு டேப்பில் நம்பர் கலங்கியது. முப்பத்து நான்கு அங்குல இடுப்புக்காரருக்கு முப்பத்தொன்பதில் பேன்ட் தைத்தார். அந்த ஆள் போட்டுப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இதுல நானும் என் மச்சானும் சேர்ந்து போகலாம்" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. மாஸ்டரும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் டேப்பை வைப்பார். மனைவி எட்டிப் பார்த்து நம்பரைச் சொல்வார்.

"ஒரு வார்த்தை செயலாளர்ட்ட சொல்லிட்டு டாக்டர்ட்ட போவோம். சொல்லாமப் போனா நல்லா இருக்காது," என்றார் மாஸ்டர்.

"கண்ணு அவரோடதா, உங்களோடதா?"

"பெட்டியில வச்சிருக்காங்கல்ல. சும்மா போக முடியுமா?"

ஞாயிறு ஆராதனை முடிந்து, செயலாளர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் போய் நின்றார்.

"அண்ணே, கொஞ்ச நாளா கண்ணு மங்க..."

செயலாளரின் உள்ளங்கை மாஸ்டரின் வாயை மூடியது. மெதுவாகத்தான் மூடினார். பச்சைக்குழந்தையின் வாயைத் துடைப்பது போல.

"வாயால அறிக்கை பண்ணாதீங்க மாஸ்டர். சொன்னா அது உண்மையாயிடும். தெளிவாத் தெரியுதுன்னு சொல்லுங்க. சொல்லச் சொல்லத் தெளியும்."

இது எங்கள் சபையின் பழக்கம். வெளியார்க்குப் புரியாது. எங்களில் யாருக்கும் வியாதி வராது. வந்தாலும் பெயர் சொல்ல மாட்டோம். சர்க்கரை என்று சொல்ல மாட்டோம். "உடம்புல ஒரு போராட்டம்" என்போம். பேங்க் மேனேஜருக்கு நெஞ்சு வலித்தபோது, "நெஞ்சில் சமாதானம்" என்று சொல்லிக்கொண்டே ஆம்புலன்சில் ஏறினார். பிழைத்துக்கொண்டார் என்பதால் பழக்கம் இன்னும் உறுதிப்பட்டது.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கேட்டார்: "அப்ப எனக்குப் பசியே இல்லன்னு சொல்லிட்டா வயிறு ரொம்பிடுமா?"

"இதையெல்லாம் அவர்ட்ட போய்க் கேட்டுடாத."

"கேட்டா என் வாயையும் மூடுவாரு. அவருக்கு ரெண்டு கைதானே இருக்கு. எத்தனை பேர் வாயத்தான் மூடுவாரு?"

மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாசிக்க வேண்டிய பகுதி எதுவென்று மாதத் துவக்கத்திலேயே பட்டியல் ஒட்டிவிடுவார்கள். கடையில் மிஷின் ஓடாத நேரம் பார்த்து மனைவி அதை உரக்க வாசிப்பார். மாஸ்டர் துணியை வெட்டிக்கொண்டே திருப்பிச் சொல்வார். ஒரு வாரத்தில் முப்பது வரி. எந்த வரியில் மூச்சு விட வேண்டும், எந்த வரியில் பக்கம் திருப்ப வேண்டும் என்பது வரை பழகினார். ஞாயிறு மூன்று படி ஏறி, புத்தகத்தைத் திறந்து, விரலால் வரியைத் தொட்டபடி ஒப்பித்தார். நாங்கள் சொக்கிப்போனோம். முன்பெல்லாம் எழுத்தைத் தேடித் தேடி வாசித்தவர், இப்போது தண்ணீர் ஊற்றுவது போல வாசித்தார். தலையை நிமிர்த்தி எங்களையே பார்த்து வாசித்தார். எங்களில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. எங்களுக்கு அது அபிஷேகமாகத் தெரிந்தது.

நான்காவது மாதம் மாட்டிக்கொண்டார்.

அந்த ஞாயிறு ஒரு தம்பதியின் இருபத்தைந்தாவது கல்யாண நாள். போதகர் சனிக்கிழமையே பட்டியலை மாற்றி, கல்யாண விருந்து வரும் பகுதியைப் போட்டிருந்தார். செயலாளர் புத்தகத்துக்குள் துண்டுச் சீட்டு வைத்திருந்தார். சீட்டு மாஸ்டரின் கைக்குக் கீழேயே இருந்தது. மாஸ்டர் பழைய பட்டியல்படி, வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து பயிர் பச்சையெல்லாம் தின்று தீர்க்கிற பகுதியை, முப்பத்திரண்டு வரி, ஒரு சொல் பிசகாமல் முழங்கினார். கல்யாணத் தம்பதி பூச்செண்டோடு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். இருநூறு பேர் மடியில் இருநூறு வேதப்புத்தகம் இருந்தது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. போதகர் மட்டும் பார்த்தார்.

அவர் முகம் வெளுத்தது. அது அரை நிமிஷம். பிறகு எழுந்து வந்து சொன்னார்: "நான் ஒரு பகுதியைக் கொடுத்தேன். ஆவியானவர் வேறு பகுதியைக் கொடுத்தார். நம் சகோதரன் தன் கண்ணால் வாசிக்கவில்லை."

அது மட்டும் உண்மை. நாங்கள் கைதட்டினோம். அந்தத் தம்பதி தங்கள் இருபத்தைந்து வருஷத்துக்காக, பிரசங்கமும் சேர்த்து ஒரு மணி நேரம் வெட்டுக்கிளியைப் பற்றிக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் மாஸ்டர் போதகர் அறைக்குப் போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாஸ்டர், எனக்கு எழுத்து தெரியல. பல மாசமாத் தெரியல. மனப்பாடம் பண்ணித்தான் சொல்றேன். இன்னைக்கு நீங்க மாத்துனது தெரியாது."

போதகர் கெட்டவர் அல்ல. நல்லவர்களுக்கே உரிய ஒரு பயம் அவரிடம் உண்டு. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியும் மாஸ்டர்," என்றார்.

மாஸ்டருக்கு அழுகை வந்தது. தனக்காக ஒருவர் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று.

"எங்கிட்ட சொன்னது நல்லது. வேற யார்ட்டயும் சொல்லிடாதீங்க. ஆண்டு விழாவுக்கு வெளியூர்லேருந்து பெரிய பிரசங்கியார் வர்றார். உங்க சாட்சியைத்தான் நோட்டீஸ்ல போட்டிருக்கு. ரெண்டு மாசம்கூட இல்ல. விழா முடிஞ்சதும் நானே உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வாக்குக் கொடுங்க."

மாஸ்டர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "பாஸ்டர்ட்ட சொல்லிட்டேன். பாரம் இறங்கிடுச்சு," என்றார்.

"இறங்கி எங்க போச்சு? அவர் மேல ஏறின மாதிரித் தெரியலையே," என்றார் மனைவி.

மறுநாள் காலை அந்த அம்மா கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கண்ணாடிக்கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் இரண்டு கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச்சை அணைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுமே முத்திப்போச்சுக்கா. இடது கண்ணு ரொம்ப மோசம். இப்பவும் ஆபரேஷன் பண்ணா முழுசாத் தெரியும். அரை மணி நேர வேலை. ஆனா இன்னும் முத்த விட்டா உள்ள அழுத்தம் ஏறும். கண்ணு சிவந்து, வலி வந்து, வாந்தி வந்துச்சுன்னா அன்னைக்கே ஓடணும். நரம்பு செத்துட்டா அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"இத ஏன் தம்பி முதல்லயே சொல்லல?"

"சொன்னேன்க்கா."

"யார்ட்ட?"

அவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்தார்.

மாஸ்டர் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று. விழாவுக்கு இன்னும் ஏழு வாரம். ஏழு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்றார். ஆறு வாரம் ஒன்றும் ஆகவில்லை.

ஏழாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம், சட்டைக் கழுத்துப்பட்டி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்திரியைக் கீழே போட்டுவிட்டு இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். கண் மிளகாய் போலச் சிவந்திருந்தது. பாதி மண்டையைப் பிடுங்கி எடுப்பது போல வலி. இரண்டு தடவை வாந்தி. மனைவி கடையைப் பூட்டி, அவரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். ஓடுகிற அவசரத்தில் எதிர்வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் எங்கள் சபை.

வண்டியோடு அந்த அம்மா திரும்பி வந்தபோது வீட்டில் பதினான்கு பேர் இருந்தோம்.

நாங்கள் அன்பான சபை. ஒருவருக்குப் போராட்டம் என்றால் தனியாக விடமாட்டோம். செயலாளர் ஜெபச் சங்கிலிக்கு ஒரு மணி நேரத்துக்கு நான்கு பேர் என்று முறை போட்டுவிட்டார். கட்டிலைச் சுற்றி நான்கு பேர் முழங்கால் போட்டிருந்தார்கள். அறை வாசலில் மூன்று பேர். மற்றவர்கள் கூடத்தில். வண்டிக்காரர் வெளியே ஹார்ன் அடித்தார்.

"கொஞ்சம் வழி விடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றார் அந்த அம்மா.

"தங்கச்சி," என்றார் செயலாளர், கண்ணைத் திறக்காமலே. "இது விழாவத் தடுக்க வந்த போராட்டம். சனிக்கிழமை சாயங்காலம் அவர் சாட்சி சொல்லி முடிச்ச நிமிஷமே நம்ம வண்டியிலயே போறோம். இப்பப் போனா எதிராளிதான் ஜெயிச்ச மாதிரி."

"எதிராளி யாருண்ணே? டாக்டரா?"

ஜெபத்தின் சத்தம் கொஞ்சம் கூடியது. அந்த அம்மா கட்டிலருகே போகப் பார்த்தார். முழங்காலில் இருந்தவர்களைத் தாண்டித்தான் போக முடியும். ஜெபிக்கிறவர்களைத் தாண்டி நடந்த பெண் என்று எங்கள் தெருவில் ஒரு பெயர் உண்டானால் அது மூன்று தலைமுறைக்கு நிற்கும். அவர் அதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் காலைத் தூக்கினார். அப்போது கட்டிலிலிருந்து மாஸ்டரே சொன்னார்:

"வேணாம். வாக்குக் கொடுத்திருக்கேன்."

ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு வண்டிக்காரர் போய்விட்டார். வெள்ளிக்கிழமை அந்த அம்மா இன்னும் இரண்டு வண்டி கூப்பிட்டார். இரண்டும் வந்தன, நின்றன, போயின. இடையில் கண்ணாடிக்கடைக்காரரும் தன் முறைக்கு வந்தார். அவரை யாரும் விலக்கவில்லை. ஒரு மணி நேரம் மற்றவர்களோடு முழங்கால் போட்டார். மாஸ்டரின் கண்ணைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவர் முறை முடிந்ததும் எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு மாஸ்டரை இருவர் கைத்தாங்கலாக மேடை ஏற்றினோம். முகத்தில் இடது பக்கம் வீங்கியிருந்தது. வெளியூர்ப் பிரசங்கியார் உயரமான மனிதர், கனத்த கை. மாஸ்டரின் தலையை ஒரு கையால் பிடித்து, மறுகையின் கட்டைவிரலை அந்த இடது கண்ணின் மேல் வைத்து அழுத்தினார். மாஸ்டரின் முழங்கால் மடிந்தது. பின்னால் இருவர் பிடித்துக்கொண்டார்கள். இதற்கென்றே ஆள் நிறுத்தி வைப்போம்.

"மகனே, தெளிவாத் தெரியுதா?"

அந்த நேரத்தில் மாஸ்டருக்கு இடது கண்ணில் வெளிச்சம்கூட இல்லை. சொல்லச் சொல்லத் தெளியும் என்று செயலாளர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"தெரியுது," என்றார். "தெளிவாத் தெரியுது."

பந்தலே எழுந்து நின்றது. மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தார். அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் பிரசங்கியார் பேச்சு முடியும்வரை மேடையிலிருந்து இறங்குவது மரியாதை இல்லை. அது முடிந்ததும் செயலாளரின் காருக்குப் பின்னால் மூன்று கார்கள் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் பிரசங்கியாரோடு போட்டோ எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு இளம்பெண். கண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"வியாழக்கிழமை மத்தியானம்," என்றார் மனைவி.

"இன்னைக்கு சனிக்கிழமை. ரெண்டு நாளா என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?"

"ஜெபம்."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். அழுத்தத்தை இறக்கினார்கள். வலி போனது, பார்வை வரவில்லை. நரம்பு செத்துவிட்டது என்றார்கள். வலது கண்ணுக்கும் அதே கதி வருமுன் அடுத்த மாதமே ஆபரேஷன் செய்து புது லென்ஸ் வைத்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் வாசிப்பதற்கு ஒரு கண்ணாடி செய்து, வீட்டுக்கே கொண்டுவந்து, கதவருகில் வைத்துவிட்டுப் போனார். ஆக மாஸ்டருக்கு ஒரு கண் முழு இருட்டு. மறு கண், கண்ணாடி போட்டால், பத்து வயதுப் பிள்ளையின் கண் போலத் தெளிவு.

போதகர் பார்க்க வந்தார். ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, மாஸ்டரும் கேட்கவில்லை. பழங்கள் கொண்டுவந்திருந்தார்.

சபைக்கு இப்போது ஒரு சிக்கல். சுகமான கண் எப்படிப் போயிற்று? கமிட்டி மூன்று தடவை கூடியது. மாஸ்டர் உள்ளுக்குள் சந்தேகப்பட்டார், ரகசியமாகக் கண்ணாடிக்கடைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார், அதனால் பெற்றதை இழந்தார் என்று முடிவாயிற்று. எதிர்வீட்டுக்காரர் அவர் போனதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். மாஸ்டர் இதைச் சபை முன்னால் நின்று ஒப்புக்கொண்டால், வாசிப்பவர் பட்டியலில் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். செயலாளர் இந்தச் செய்தியைக் கொண்டுபோனபோது மனைவி குறுக்கே பேசினார்.

"கண்ணப் பறிச்சவங்ககிட்ட கண்ணப் பறிகொடுத்தவரு மன்னிப்புக் கேக்கணுமா?"

"அப்படியெல்லாம் பேசாதீங்க தங்கச்சி. யாரும் எதையும் பறிக்கல."

"வாசிக்க விடுவீங்கல்ல?" என்றார் மாஸ்டர்.

"பட்டியல்ல போட்டுடலாம்."

"அப்ப சொல்றேன்."

"அசிங்கமா இல்லையா உங்களுக்கு?" என்று மனைவி கேட்டார்.

"இப்பத்தான் எனக்கு எழுத்து தெரியுது," என்றார் மாஸ்டர். "ஒரே ஒரு தடவை பாத்து வாசிக்கணும்."

அந்த ஞாயிறு மாஸ்டர் பீடத்தில் ஏறவில்லை. கீழே, வரிசைகளுக்கு நடுவில் நிற்க வைத்தோம். "நான் சந்தேகப்பட்டேன். அதனால ஒரு கண்ணு போச்சு. சபை என்னை மன்னிக்கணும்," என்றார். நாங்கள் மன்னித்தோம். ஒருமனதாக. அவர் மனைவி அப்போது வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார்.

மறுமாதம் அவர் முறை வந்தது. தானே தேய்த்த சட்டை. மூன்று படியில் முதல் படியைக் கால் தவறவிட்டது; ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடாது. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மனப்பாடம் இல்லை, ஒத்திகை இல்லை. ஒவ்வொரு சொல்லையும் புத்தகத்திலிருந்து எடுத்து வாசித்தார். வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது கண் வேறு வரியில் இறங்கியது. திரும்பிப் போய்த் தேடிப் பிடித்தார். ஒரு பெயரை இரண்டு முறை எழுத்துக்கூட்டினார். எங்களை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது அங்கே தாளில் இருந்தது. ஒன்பது நிமிஷம் ஆயிற்று. இறங்கும்போது அவர் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

எங்களுக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"மாஸ்டர் முன்ன மாதிரி இல்லையேக்கா," என்று பாட்டுக்குழு அக்கா அவர் மனைவியிடமே கேட்டார். "முன்னெல்லாம் என்னமா வரும். எங்கயும் தடுமாறாதே."

"அப்ப கண்ணு தெரியல," என்றார் அந்த அம்மா. "இப்பப் பாத்து வாசிக்கிறார். அதான் தடுமாறுது."

பாட்டுக்குழு அக்கா அதை ஜெபக் குறிப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

புதன்கிழமை செயலாளர் கடைக்கு வந்தார். கையில் கோட்டுத் துணி. நல்ல கருநீலம். அடுத்த ஆண்டு விழாவுக்கு என்றார். துணியை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து மாஸ்டருக்கு மிக அருகில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எங்கள் சபையில் அப்படித்தான் உட்காருவார்கள்.

"மாஸ்டர், கொஞ்ச காலம் ஓய்வா இருங்க. வாசிப்புக்கு வேற ஆள் பாத்திருக்கோம்."

மாஸ்டர் கண்ணாடியை மூக்கில் சரிசெய்தார். "அண்ணே, சொன்னீங்களே, பட்டியல்ல போடுவீங்கன்னு."

"போட்டோமே. வாசிச்சீங்களே."

"இனிமே நல்லா வந்துடும்ணே. பழகணும், அவ்வளவுதான். இப்ப எனக்குத் தெரியுதுண்ணே. எல்லா எழுத்தும் தெரியுது."

"அதான் மாஸ்டர் எங்களுக்கு வருத்தம்," என்றார் செயலாளர். "தெரியாதப்ப எவ்வளவு அருமையா வாசிச்சீங்க."

மனைவி எழுந்து வந்தார். கருநீலத் துணியை நான்காக மடித்துச் செயலாளரின் மடியில் வைத்தார்.

"வேற கடையில குடுங்கண்ணே."

மாஸ்டர் கையை நீட்டினார். துணிக்கு முன்னால் ஒரு விரற்கடை வெற்றிடத்தைப் பிடித்து, பிறகு துணியைப் பிடித்தார். இழுத்துத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

"விடு. தெச்சுக் குடுத்துடலாம். நம்ம சபை ஆளு," என்றார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார். தன் மிஷினுக்குப் போய் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த துணியை ஊசிக்கடியில் தள்ளி, பெடலை மிதித்தார். அந்தச் சின்னக் கடையில் அதன் பிறகு வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. செயலாளர் எழுந்து, கைகளைப் பக்கவாட்டில் தூக்கி, சத்தம் ஓய்ந்ததும் அளவு கொடுக்கலாம் என்று காத்து நின்றார். அந்த அம்மா மிதித்துக்கொண்டே இருந்தார்.